வழி சொல்லத் தெரியாதவர் சுயநலக்காரரா? தன்மையப் பார்வையும் அதோடு குழப்பிக்கொள்ளும் குணங்களும்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒருவரிடம் அவர் வீட்டுக்கு வழி கேட்டால் இப்படிப் பதில் வரும்: “காலி வீதியில சந்தைக்குக் கிட்ட இறங்குங்கோ. கடல்பக்கம் போற ஒழுங்கை. முந்தி ஸ்ரூடியோ இருந்ததுக்கு நேர் எதிர்.” கேட்டவர் அன்று காலைதான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கியவர். கடல்பக்கம் போகும் ஒழுங்கைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. இல்லாமல்போன ஸ்ரூடியோவை அவர் கண்டதே இல்லை. வெயிலில் அலைந்து, மூன்று முறை போன் எடுத்து, ஒருவழியாக வந்துசேர்கிறார். வழி சொன்னவரோ தேத்தண்ணி போட்டு வைத்துவிட்டு வாசலிலேயே நிற்கிறார்.

இவரைச் சுயநலக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். விருந்தாளியை அலைக்கழித்து இவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. தன் தலைக்குள் இருக்கும் வரைபடம் கேட்டவரின் தலைக்குள்ளும் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். உளவியல் இதைத்தான் தன்மையப் பார்வை என்கிறது.

இதைப் பிரித்துச் சொல்லவேண்டிய தேவை இப்போது கூடியிருக்கிறது. டிக்டொக்கிலும் யூடியூப்பிலும் ‘நார்சிசிஸ்ட்’ (தற்காதல் பிடித்தவர்) என்ற சொல் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது. மாமியார், மேலதிகாரி, பிரிந்துபோன காதலன், பிறந்தநாளை மறந்த நண்பன் எல்லாருக்கும் அதே முத்திரை. முத்திரை பிழைத்தால் அதற்குப் பிறகு செய்வதும் பிழைக்கும். ஒருமுறை எடுத்துச் சொன்னால் திருந்தக்கூடியவரோடு உறவை முறித்துக்கொள்வோம். எத்தனை முறை சொன்னாலும் மாறாதவருக்கு விளக்கம் சொல்லிச் சொல்லியே களைத்துப்போவோம்.

சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

அகந்தை, ஆணவம், செருக்கு, தலைக்கனம், தற்பெருமை, சுயநலம் என்று தமிழில் இந்தப் பக்கத்துக்குச் சொல் பஞ்சமே இல்லை. ஆனால் அத்தனையும் ஒருவரைக் குற்றம் சொல்லும் சொற்கள். குற்றம் எதுவும் இல்லாமல் வெறுமனே ‘தான் நிற்கும் இடத்திலிருந்து மட்டும் பார்ப்பது’ என்பதற்குப் பேச்சுவழக்கில் சொல் இல்லை. குழப்பத்தின் பாதி இங்கேதான்.

1. தன்மையப் பார்வை. மற்றவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, அவருக்கு எது எப்படித் தோன்றும் என்பதை நம்முடைய நிலையிலிருந்தே ஊகித்துவிடுவது. இது அறிதலில் வரும் பிழை. எல்லாரிடமும் இருக்கிறது.

2. சுயநலம். மற்றவரின் தேவை தெரிந்திருந்தும் நம்முடையதை மேலே வைப்பது. இது தெரிவு.

3. தற்பெருமை. தன்னைப் பற்றி உயர்வாகக் கதைத்துக்கொண்டே இருப்பது. கேட்பவருக்கு அலுப்பு, பல வேளைகளில் அதற்கு மேல் கெடுதல் இல்லை.

4. நார்சிசம், அதாவது தற்காதல். தான் மற்றவர்களைவிட மேலானவர், தனக்கென்று தனிச் சலுகை உரியது என்ற நம்பிக்கையும், அதை உலகம் ஓயாமல் உறுதிப்படுத்தவேண்டும் என்ற தீராத பசியும். இது குணவியல்பு. மிகச் சிலரிடம் அது ஆளுமைக் கோளாறு என்ற அளவுக்குப் போகும்.

முதலாவதையும் இரண்டாவதையும் பிரிக்க நல்ல உதாரணம் கோட்டை ரயில் நிலைய வாசலில் கிடைக்கும். பையோடு இறங்குபவரின் பேச்சு, நடை, சுற்றிப் பார்க்கும் விதம் மூன்றையும் வைத்து இவர் கொழும்புக்குப் புதியவர், சரியான கட்டணம் தெரியாது, சிங்களத்தில் பேரம் பேச வராது என்பதை ஓர் ஆட்டோக்காரர் கணக்குப் போட்டு மூன்று மடங்கு கேட்கிறார் என்று வையுங்கள். அடுத்தவரின் மனதுக்குள் புகுந்து பார்ப்பதில் அவருக்கு நூற்றுக்கு நூறு. இந்த இடத்தில் தன்மையப் பார்வை அவரிடம் கொஞ்சமும் இல்லை, இருப்பது சுயநலம். வழி சொன்ன வெள்ளவத்தைக்காரருக்கு நேர் எதிர் நிலை இது. கைதேர்ந்த ஏமாற்றுக்காரர் எவருமே பிறர் பார்வையை நன்றாக அறிந்தவர்தான்.

குழந்தையிலிருந்து தொடங்குகிறது

இந்தக் கருத்தை உளவியலில் நிலைநிறுத்தியவர் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ழான் பியாஜே. ஆசிரியர் பயிற்சி எடுத்தவர்களுக்கு இவருடைய மூன்று மலைப் பரிசோதனை தெரிந்திருக்கும். மேசையில் மூன்று மலைகளின் மாதிரி. ஒன்றின் உச்சியில் பனி, ஒன்றில் சிலுவை, ஒன்றில் சிறு வீடு. குழந்தை ஒரு பக்கம் இருக்கும். மறுபக்கம் இருக்கும் பொம்மைக்கு மலைகள் எப்படித் தெரியும் என்று கேட்டு, படங்களிலிருந்து ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். ஏறத்தாழ ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பெரும்பாலும் தாங்கள் காணும் காட்சியின் படத்தையே எடுத்தார்கள்.

அது கடினமான கேள்வி, பிள்ளைகளுக்கு விளங்காத கேள்வி என்ற எதிர்ப்பும் வந்தது. 1970களில் மார்ட்டின் ஹியூஸ் அதே விஷயத்தைப் பொலிஸ்காரப் பொம்மையிடமிருந்து ஒளிந்துகொள்ளும் விளையாட்டாக மாற்றினார். மூன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளைகளில் ஏறத்தாழ 90 வீதமானவர்கள் பொலிஸ்காரர் காணாத இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒளித்துப் பிடித்து விளையாடும் எந்தப் பிள்ளையைக் கவனித்தாலும் இது தெரியும். ஆக, பியாஜே சொன்ன வயது கொஞ்சம் கீழே இறங்கியது. அவர் சொன்ன போக்கு நின்றது. சிறுபிள்ளை தன் கண்ணை மூடிக்கொண்டு “என்னைக் காணேல்லை” என்று சொல்லும்போது யாரும் அதைச் சுயநலம் என்பதில்லை.

பதின்ம வயதில் வேறு வடிவம் வருகிறது. 1967இல் டேவிட் எல்கைன்ட் இரண்டு பெயர்களைக் கொடுத்தார். ஒன்று, கற்பனைப் பார்வையாளர்: எல்லாரும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு. ரியூசனுக்குப் போகும் உயர்தர மாணவன் முகப்பரு ஒன்றுக்காக வகுப்புக்கு மட்டம் போடுவது இதனால்தான். மற்றது, தனக்கு மட்டுமே நேர்ந்த கதை: “என்னைப் போல ஒருத்தரும் கஷ்டப்பட்டதில்லை, உங்களுக்கு விளங்காது.” வீட்டில் இதைத் திமிர் என்று வாசிப்பார்கள். பெரும்பாலும் இது வயது.

பெரியவர்கள் இதைக் கடந்துவிடுவதில்லை

பெரியவர்களும் முதலில் தங்கள் பார்வையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பிறகுதான் திருத்திக்கொள்கிறார்கள். குழந்தைக்கும் பெரியவருக்கும் உள்ள வித்தியாசம் அந்தத் திருத்தத்தின் வேகத்தில் இருக்கிறது. போவாஸ் கெய்சார், நிக்கலஸ் எப்லி முதலானோர் இதைக் கண் அசைவை வைத்தே காட்டினார்கள். சிறு அறைகள் கொண்ட ஓர் அடுக்கு. சில அறைகளின் பின்பக்கம் அடைக்கப்பட்டிருக்கும். மறுபக்கம் நிற்பவர் “சின்ன மெழுகுதிரியை எடுங்கள்” என்று சொல்வார். எல்லாவற்றிலும் சின்னது உங்களுக்கு மட்டும் தெரியும் அறையில் இருக்கிறது. அவர் அதைச் சொல்லியிருக்கவே முடியாது. இருந்தும் கண் முதலில் அதற்குத்தான் போகிறது. பெரியவர் சட்டென்று திருத்திக்கொள்கிறார், குழந்தை திருத்துவதற்குள் கை போய்விடுகிறது. அவசரம், களைப்பு, வேறு வேலையில் கவனம் ஆகியவை வந்தால் பெரியவரும் திருத்தாமல் விட்டுவிடுகிறார்.

இதே பிழை எங்கெல்லாம் தலைகாட்டுகிறது என்று பார்க்கச் சில ஆய்வுகள்.

தாளம் தட்டல். 1990இல் ஸ்ரான்ட்போர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன், எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகளை மேசையில் விரலால் தட்டச் செய்தார். கேட்பவர்களில் பாதிப்பேர் கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 தட்டலில் மூன்றுதான் பிடிபட்டது. தட்டுபவரின் தலைக்குள் முழுப் பாட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கேட்பவருக்கு வெறும் ‘டக் டக்’. பார்மசியில் “இது ரெண்டு நேரம், அது தேவைப்பட்டால் மட்டும்” என்று ஐந்து விநாடியில் சொல்லிமுடிப்பவரும், தாய்க்குப் போனிலேயே வட்ஸ்அப் பழக்கப் பார்க்கும் மகனும் மேசையில் தாளம் தட்டுகிறவர்கள்தான்.

எழுத்தில் பகிடி. 2005இல் வெளியான ஆய்வு. மின்னஞ்சலில் எழுதியது பகிடியா, மெய்யா என்பதை வாசிப்பவர் 78 வீதம் சரியாகப் பிடிப்பார் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். பிடித்தது 56 வீதம். நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல். குரலில் சொன்னபோது 73 வீதம். குடும்ப வட்ஸ்அப் குழுக்களில் வரும் மனத்தாங்கல்களில் கணிசமான பங்குக்கு இதற்கு மேல் காரணம் தேடத் தேவையில்லை என்றே படுகிறது.

சட்டையில் கண். 2000ஆம் ஆண்டில் தோமஸ் கிலோவிச்சும் சகாக்களும், மாணவர்களுக்கு வெட்கப்படக்கூடிய படம் போட்ட ரீ-சேர்ட் ஒன்றைப் போட்டுவிட்டு அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர் நினைத்தார். கவனித்தது ஏறத்தாழக் கால்வாசிப்பேர்.

வீட்டு வேலைக் கணக்கு. இதில்தான் நின்று பார்க்கவேண்டிய விஷயம் இருக்கிறது. 1979இல் மைக்கேல் ரோஸும் பியோரே சிக்கோலியும் 37 தம்பதியரைத் தனித்தனியே கேட்டார்கள்: சமையல், துப்புரவு, பிள்ளை பார்ப்பது என்று 20 வகை விஷயங்களில் உங்கள் பங்கு எவ்வளவு? இருவர் பதிலையும் கூட்டினால் பெரும்பாலானவற்றில் 100 வீதத்தைத் தாண்டியது. தற்பெருமை என்று தோன்றும். ஆனால் பட்டியலில் ‘சண்டை தொடங்குவது’ போன்ற கெட்ட விஷயங்களும் இருந்தன. அவற்றிலும் இருவரும் தங்கள் பங்கைக் கூட்டியே சொன்னார்கள். பெருமைக்காகச் சொன்னால் கெட்டதைக் குறைத்தல்லவா சொல்லியிருப்பார்கள்? நாம் செய்தது நமக்கு எளிதில் ஞாபகம் வருகிறது, மற்றவர் செய்தது கண்ணிலேயே படுவதில்லை. குப்பை கொண்டுபோய்ப் போட்டது ஞாபகம் இருக்கும். அதற்கு முன் சமையலறையில் அதைத் தரம்பிரித்துக் கட்டிவைத்தது யார் என்பது தெரியாது.

நெருக்கம் இதைக் கூட்டுகிறது. அந்நியரோடு கதைக்கும்போது ‘இவருக்குத் தெரியாது’ என்ற எச்சரிக்கை இருக்கும். மனைவியோடும் கூடப்பிறந்தவரோடும் அது போய்விடும். 2011இல் வெளியான ஆய்வொன்றில், தம்பதியர் ஒருவர் சொன்னதை மற்றவர் விளங்கிக்கொண்டது முன்பின் தெரியாதவர்கள் விளங்கிக்கொண்டதைவிட மேலாக இல்லை. மேலாக விளங்கும் என்று தம்பதியர் நினைத்துக்கொண்டதுதான் மிச்சம். “இவ்வளவு காலம் கூட இருந்தும் இதுகூட விளங்கேல்லையா?” என்ற கேள்விக்குள்ளேயே அந்தப் பிழை இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பழமொழியையும் உரசிப் பார்க்கவேண்டும். ‘தன்னைப் போல் பிறரையும் நினை.’ மற்றவருக்கும் உன்னளவு மதிப்புக் கொடு என்ற பொருளில் அருமையான வாக்கு. மற்றவருக்கும் உன் ருசி, உன் நேரம், உன் அறிவு என்று எடுத்துக்கொண்டால் அது தன்மையப் பார்வையின் வரைவிலக்கணமே ஆகிவிடும். ரொறன்ரோவில் இருக்கும் மகன் வேலை முடிந்து மாலை 5 மணிக்கு ஆசையோடு அம்மாவுக்குப் போன் எடுக்கிறான். கோடைகாலத்தில் கொழும்பு ஒன்பதரை மணித்தியாலம் முன்னே. இங்கே அதிகாலை 2.30. அம்மா நெஞ்சு படபடக்க எழும்புகிறார். அன்பில் குறைவில்லை, கணக்கில்தான் பிழை.

நார்சிசம் எங்கே பிரிகிறது

தண்ணீரில் தன் நிழலைக் கண்டு மயங்கிய நார்சிஸஸ் என்ற கிரேக்கப் புராணப் பாத்திரத்திலிருந்து வந்த பெயர். சிக்மண்ட் பிராய்ட் 1914இல் இதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் ஆளுமைக் கோளாறாக இது 1980இல் இடம்பிடித்தது. அந்தக் கையேட்டில் ஒன்பது அளவுகோல்கள் இருக்கின்றன: மிகையான தன்மதிப்பு, எல்லையற்ற வெற்றி பற்றிய கனவு, தான் தனிப்பிறவி என்ற நம்பிக்கை, பாராட்டுக்கான ஓயாத தேவை, சலுகை எதிர்பார்ப்பு, பிறரைப் பயன்படுத்திக்கொள்ளல், பிறர் உணர்வைக் கருதாமை, பொறாமை, ஆணவ நடத்தை. குறைந்தது ஐந்து இருக்கவேண்டும், இளம் பராயத்திலிருந்தே, வீடு, வேலை என்று எல்லா இடத்திலும் தொடர்ந்து இருக்கவேண்டும். ஒரு சண்டை, ஒரு கலியாண வீட்டு அலம்பல் போதாது.

பிறர் உணர்வைக் கருதாமை என்ற அளவுகோலின் வாசகத்தைக் கவனிக்கவேண்டும். பிறர் உணர்வை அறிய முடியாதவர் என்று அங்கே இல்லை; அறிய விருப்பமில்லாதவர் என்றே இருக்கிறது. தன்மையப் பார்வைக்கும் நார்சிசத்துக்கும் நடுவிலுள்ள கோடு அந்த ஒரு சொல்லில் ஓடுகிறது.

நார்சிசம் எப்போதும் உரத்த குரலில் வருவதுமில்லை. ஆய்வாளர்கள் இரண்டு முகம் சொல்கிறார்கள். ஒன்று மேடையைப் பிடித்துக்கொள்ளும் ஆடம்பர முகம். மற்றது ஒதுங்கி, எளிதில் நொந்து, தனக்குரிய மரியாதை கிடைக்கவில்லை என்று உள்ளுக்குள் புழுங்கும் முகம். இரண்டாவதை நம்மவர்கள் ‘ரொம்பச் சென்சிற்றிவ்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

தன்மதிப்போடும் இதைக் குழப்பக்கூடாது. 2015இல் நெதர்லாந்தில் 565 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், “என் பிள்ளை மற்றப் பிள்ளைகளைவிட விசேஷம்” என்று பெற்றோர் மிகைப்படுத்தியது பின்னாளில் நார்சிசக் குணத்தோடு இணைந்திருந்தது. அன்பும் அரவணைப்பும் நல்ல தன்மதிப்போடு இணைந்திருந்தன. “நீ கெட்டிக்காரி, எனக்கு உன்னில் விருப்பம்” என்பது வேறு. “உன்னோட படிக்கிறதுகள் எல்லாம் உனக்குத் தூசு” என்பது வேறு.

தவறாக முத்திரை விழும் நால்வர்

கூச்சக்காரர். கலியாண வீட்டில் மூலையில் நின்று, சாப்பிடாமலே நழுவிவிடுபவர் ‘பெரிய எடுப்புக்காரர்’ ஆகிறார். அவர் மனம் முழுக்கத் தன்னைப் பற்றியே ஓடுகிறது என்பது உண்மை. ஆனால் ரீ-சேர்ட் போட்ட மாணவனைப் போல, எல்லாரும் தன்னைக் கவனிக்கிறார்கள் என்ற பயத்தில்.

மறுப்புச் சொல்பவர். இது நம் வீடுகளில் அதிகம் நடக்கும் அநியாயம். வெளிநாட்டு மாப்பிள்ளை வேண்டாம், சம்பளம் முழுவதையும் தரமாட்டேன் என்று ஒரு பெண் சொன்னால் “சுயநலக்காரி” என்று முடித்துவிடுவார்கள். அவள் வீட்டாரின் விருப்பத்தை முழுதாக அறிந்தே மறுக்கிறாள். தன்மையப் பார்வை இல்லை. தன் வாழ்க்கை பற்றிய முடிவைத் தானே எடுப்பதைச் சுயநலம் என்றும் சொல்ல முடியாது.

ஓட்டிசம் உள்ளவர். பிறர் மனநிலையை ஊகிப்பதில் இவர்களுக்குச் சிரமம் வரலாம். அதை அக்கறையின்மை என்று எடுப்பது பிழை. 2012இல் டேமியன் மில்ட்டன் சுட்டிக்காட்டியது போல, மற்றவர்களும் ஓட்டிசம் உள்ளவரை விளங்கிக்கொள்வதில் அதே அளவு தடுமாறுகிறார்கள். சிரமம் இரு பக்கமும்.

திடீரென மாறியவர். இதை விட்டுவிடக்கூடாது. வாழ்நாளெல்லாம் கரிசனையாக இருந்தவர் ஐம்பது, அறுபது வயதில் சில மாதங்களில் பிறர் துக்கத்தைக் கண்டும் காணாதவராக, கூச்சமற்றவராக மாறினால் அது குணமல்ல. மூளையின் முன்பகுதியைத் தாக்கும் ஒருவகை டிமென்ஷியா இப்படித்தான், ஞாபக மறதி வருவதற்கு முன்பே தொடங்கும். நரம்பியல் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

ஒருமுறை சொல்லிப் பார்த்தல்

எது எது என்று வீட்டிலேயே ஓரளவு பிரிக்கலாம். தொடர்மாடியில் உங்களுக்கு மேல் வீட்டார் இரவு 11 மணிக்குக் கதிரை மேசை இழுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

1. தெரிந்திருக்குமா என்று முதலில் பாருங்கள். அவர்களுக்குக் கீழே ஆள் இருக்கிறது, சத்தம் இறங்குகிறது என்பது தெரிய வழி உண்டா? இல்லையென்றால் சுயநலம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

2. சாடையாக அல்ல, நேராகச் சொல்லுங்கள். “சிலபேருக்கு நித்திரை முக்கியமில்லைப் போல” என்பது சாடை. “இரவு பதினொன்றுக்குக் கதிரை இழுக்கிற சத்தத்தில பிள்ளை எழும்புது, பத்துக்குப் பிறகு இழுக்காம இருக்கேலுமா?” என்பது தகவல். சாடை பேசிவிட்டு மாறவில்லை என்று சொன்னால் பரிசோதனை செல்லாது. சாடை எல்லாருக்கும் விளங்கும் என்று நினைப்பதும் நம்முடைய தன்மையப் பார்வைதான்.

3. முகத்தைப் பாருங்கள். தன்மையப் பார்வையால் பிழைத்தவருக்கு வருவது திடுக்கிடல்: “ஐயோ, கீழ கேக்குமா?” சுயநலக்காரர் பேரம் பேசுவார். நார்சிசக் குணம் மேலோங்கியவர் தகவலை அவமானமாக எடுப்பார். பேச்சு சத்தத்தை விட்டு, நீங்கள் அவரிடம் எப்படிக் கதைத்தீர்கள் என்பதற்குத் தாவிவிடும்.

4. இரண்டு மூன்று கிழமை பாருங்கள். நல்ல மனதோடு இருப்பவரும் பழக்கத்தில் ஒருமுறை தவறுவார். நினைவூட்டினால் திருத்துகிறாரா என்பதே கணக்கு.

5. நட்டம் யாருக்கு என்று கேளுங்கள். தன்மையப் பார்வையின் பிழைகள் செய்தவரையும் கடிக்கும். வழி சொன்னவரின் தேத்தண்ணி ஆறிப்போனதைப் போல. எப்போதும் ஒருவருக்கே லாபமாக முடியும் ‘மறதி’யைச் சந்தேகிக்கலாம்.

நமக்குள் இருக்கும் தன்மையப் பார்வைக்கு வழக்கமாகச் சொல்லும் மருந்து, ‘அவர் இடத்தில் உன்னை வைத்துப் பார்.’ அது நினைத்த அளவு வேலை செய்வதில்லை. 2018இல் வெளியான, 25 பரிசோதனைகள் கொண்ட ஆய்வு, அப்படிக் கற்பனை செய்வது மற்றவரைப் பற்றிய ஊகத்தின் துல்லியத்தைக் கூட்டவில்லை என்று காட்டியது. கூட்டியது நேரே கேட்பதுதான். அவர் இடத்துக்குப் போகும்போதும் நம் தலையைத்தானே கொண்டுபோகிறோம்!

ஆகவே நடைமுறையில்: மருந்து விளக்கினால், “எப்படிக் குடிப்பீங்கள், ஒருக்காச் சொல்லுங்கோ” என்று திருப்பிச் சொல்லவைக்கலாம். போன் எடுக்குமுன் “இப்ப எடுக்கலாமா?” என்று ஒரு வரி அனுப்பலாம். வழி கேட்டால் “எங்கயிருந்து, எதில வாறீங்கள்? கொழும்பு பழக்கமா?” என்று முதலில் கேட்டுவிட்டு, இன்றைக்குக் கண்ணில் படுகிறவற்றை மட்டும் சொல்லலாம்: பெயர்ப்பலகையில் இருக்கும் ஒழுங்கையின் பெயர், அது காலி வீதியிலிருந்து எந்தக் கைப்பக்கம், வீட்டு இலக்கம், கேற்றின் நிறம். இருப்பிடத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினாலும் தொடர்மாடி என்றால் எத்தனையாம் மாடி என்பதை எழுதவேண்டும். வரைபடத்தில் மாடி தெரியாது.